கம்பத்தில் கசிகிறது கேபிள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் அறிவியல் கேள்வி-பதில் பகுதியைப் படித்தேன். பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி, "வீட்டு ரேடியோவில் ஒரே இரைச்சலாக இருக்கிறது, வாசலில் போகும் கேபிள் டிவி ஒயர் காரணமாக இருக்குமா?" என்று கேட்டிருந்தார். தங்கள் அறிஞர் பெருமகனார், "கேபிள் சிக்னல் ஒயருக்குள்ளேயே ஓடுவதால் வெளியே உள்ள எந்த ரேடியோவையும் அது தொடாது. பழைய ரேடியோவை மாற்றிப் பாருங்கள்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த அம்மா அதை நம்பிப் புது ரேடியோ வாங்கியிருந்தால், பில்லை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

இதோடு போயிருந்தால் நானும் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். எங்கள் தெருவுக்குக் கேபிள் விடுகிற தம்பி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே ஒரு வரி: "அண்ணே, பேப்பர்லயே போட்டுட்டாங்க." வருஷக்கணக்காக அவரிடம் நான் நடத்திவந்த வழக்கு அன்றோடு தள்ளுபடி ஆகிவிட்டது. மேல்முறையீடு செய்ய உங்களை விட்டால் எனக்கு வேறு இடமில்லை.

தருமபுரியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மத்திய அரசின் தேர்வு எழுதி, புள்ளியும் கோடுமான மோர்ஸ் சங்கேதம் தட்டிக் காட்டி, அமெச்சூர் ரேடியோ உரிமம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும் உரிமம், வாங்கியவன். எங்களை ஹாம் என்பார்கள். நாங்கள் அதிகம் புழங்குவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 2 மீட்டர் பேண்ட் என்கிற அலைவரிசைத் தொகுப்பு. கேபிள்காரர்களும் இதே அலைவரிசைகளைத்தான் ஒயருக்குள் அனுப்புகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வெளியே வராதவரை யாருக்கும் கஷ்டமில்லை என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடே நடக்கிறது. அனலாக் காலத்தில் கேபிளில் எஸ்-6 என்று ஒரு சேனல் இருந்தது. அதன் படம் 140.25 மெகாஹெர்ட்ஸில் போகும், ஒலி 145.75-ல் போகும். அந்த ஒலி எங்கள் பேண்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். டிவிப் பெட்டி இல்லாமலேயே மாமியார் மருமகள் சண்டையைக் கையடக்க வயர்லெஸ்ஸில் தினமும் கேட்டவன் நான். டிஜிட்டல் வந்தது, அழுகை நின்றது. இப்போது அந்த இடம் முழுக்க ஒரே 'ஸ்ஸ்ஸ்'. முன்பாவது யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தது.

ஒயருக்குள்ளேயே ஓடுமாம். ஒயர் முழுசாக இருந்தால் ஓடும்தான், நான் மறுக்கவில்லை. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதற்கு மேல் அலுமினியத் தாளும் வலையும். சிக்னலை உள்ளே பிடித்து வைப்பது அந்தத் தாளும் வலையும்தான். எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் இருக்கும் ஜாயிண்டை உங்கள் அறிஞர் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். நடுக்கம்பியையும் நடுக்கம்பியையும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்து வலையும் ஒன்றையொன்று தொடாமல் விரிந்து, பச்சை பூத்துக் கிடக்கிறது. மழைக்குப் பாதுகாப்பாக மேலே ஒரு ஜவுளிக்கடைப் பை. பக்கத்தில், ஒரு ஒயரைப் பல வீடுகளுக்குப் பிரித்து விடும் ஸ்ப்ளிட்டரில், வீடு மாறிப் போனவர்களின் வாய்கள் மூடி இல்லாமல் திறந்தே இருக்கின்றன. அதற்கு 75 ஓம் டெர்மினேட்டர் என்று ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைப் போட்ட கம்பம் ஒன்றை இந்த ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. பழைய ஸ்டீல் டேப்பை வெட்டி, பிவிசி பைப்பில் பொருத்தி, நீட்டிய திசையில் வருவதை மட்டும் நன்றாகப் பிடிக்கிற யாகி ஆண்டெனா ஒன்று செய்தேன். ராத்திரி கடை சாத்தியபின் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். எந்தப் பக்கம் நீட்டினால் இரைச்சல் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் நேராக அந்தக் கம்பத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நாய்கள் குரைத்ததையும், எதிர்வீட்டுப் பெரியவர் "என்னப்பா, தண்ணி பாக்கறியா?" என்று கேட்டதையும் விடுங்கள். இன்னொரு சாட்சியும் இருக்கிறது. தெருவில் கரண்ட் போனால் கேபிள் ஆம்ப்ளிஃபயரும் நின்றுவிடும். அந்த நிமிடமே என் பேட்டரி செட்டில் இரைச்சல் அற்றுப்போய், தூரத்து நண்பர்களின் பேச்சு தெளிவாக வரும். மின்தடைக்குக் காத்திருக்கிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். போன வருஷம் அந்தத் தம்பி ஆம்ப்ளிஃபயருக்கு இன்வெர்ட்டர் வைத்துவிட்டார். அதுவும் போச்சு.

என்னோடு நின்றால் பரவாயில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசுவார்கள், சில நாட்களில் படங்களை ஒலியாக மாற்றியும் அனுப்புவார்கள். செல்போனில் ஒரு செயலி இருந்தால் போதும், அந்த ஒலி திரும்பவும் படமாகிவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரை ஒரு மாலை கடை மாடிக்குக் கூப்பிட்டேன். நிலையம் நம் தலைக்கு மேல் கடக்க அதிகம் போனால் பத்து நிமிடம். படத்தின் மேல் விளிம்பில் ஒரு நீலக்கோடு வந்தது, மற்றதெல்லாம் புள்ளி புள்ளியாகப் போயிற்று. "சார், இது எந்த ஊர் மழை?" என்று ஒரு பெண் கேட்டாள். ஹாம்களுக்காக நம் நாடு விட்ட ஹாம்சாட் செயற்கைக்கோள் 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போய், 2014 வரை வேலை செய்தது. அதன் பதில் குரலும் 145.9-ஐ ஒட்டித்தான் வரும். அந்தக் காலத்தில் வத்தல்மலைப் பக்கம் செட்டைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் அதைக் கேட்டேன். வீட்டு மாடியில் கேட்க முடியாததை மலையில் போய்க் கேட்க வேண்டும் என்றால் செட்டுக்கு வயசாகிவிட்டது என்றா அர்த்தம்?

பேச ஆரம்பித்துவிட்டேன், பழசையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருமுறை தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் "மாடியில் மர்மக் கம்பி, பொதுமக்கள் பீதி" என்று ஒரு செய்தி வந்தது. அந்த மாடி என்னுடையது. பீதியடைந்த பொதுமக்கள் என்பது யாரென்றும் எனக்குத் தெரியும், அவர் என்னிடம் காயில் கட்டிய கூலி இன்னும் பாக்கி வைத்திருக்கிறார். விசாரிக்க வந்த அதிகாரி உரிமத்தைப் பார்த்தார், டீ குடித்தார், போய்விட்டார். அது செய்தியாகவில்லை. மறுப்பு எழுதிப் போட்டேன், அதுவும் ஆகவில்லை. ஆனால் புயலோ வெள்ளமோ வந்தால் மட்டும் "கைகொடுத்த ஹாம் ரேடியோ" என்று அரைப் பக்கம் போடுகிறீர்கள். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேயரில் இருந்த ஹாம் குழுவைப் பற்றி நீங்களும்தான் எழுதினீர்கள். ஒகேனக்கல்லில் தண்ணீர் லட்சம் கன அடியைத் தாண்டும் நாளில் செல்போன் கோபுரமும் விழுந்தால் எங்களைத்தான் தேடுவார்கள். அன்றைக்கும் அந்த ஜாயிண்ட் அங்கேயேதான் இருக்கும்.

அக்கம்பக்கத்தார் சொல்வது வேறு கதை. நான் பேசப் பட்டனை அழுத்தினால் அவர்கள் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறதாம். ஆகவே குற்றவாளி என் ஆண்டெனா. ஓட்டை விழுந்த பைப்பில் தண்ணீர் வெளியே போகும்போது சேறும் உள்ளே வரும். இங்கேயும் உள்ளிருக்கும் சிக்னல் வெளியே வருகிற அதே ஓட்டை வழியாகத்தான் என் சிக்னல் உள்ளே போகிறது. அதை அடைத்தால் அவர்கள் சீரியலும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். இதைச் சொன்னால், "நீங்க அந்த நேரத்துல பேசாம இருங்களேன்" என்கிறார்கள். உரிமம் வாங்கியவன் வாயை மூட வேண்டும், ஒயரை முறுக்கியவர் நிம்மதியாக இருக்கலாம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 10. அங்கீகாரம் பெற்ற தொலைத்தொடர்பு அமைப்புகள் எதற்கும் எந்த வகையிலும் தன் கேபிள் இடையூறு செய்யாமல் பார்த்துக்கொள்வது ஆபரேட்டரின் பொறுப்பு என்கிறது. அமெரிக்காவில் கேபிளிலிருந்து 3 மீட்டர் தள்ளி இத்தனை மைக்ரோவோல்ட்டுக்கு மேல் கசியக் கூடாது என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். அதே அலைவரிசைகளில் விமானங்களும் பேசுகின்றன என்ற பயம் அவர்களுக்கு. பிரிவு 10-ஐ அடிக்கோடிட்டு ஓர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்துப் பார்த்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. "ரேடியோவா? இப்ப யாருங்க ரேடியோ கேக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்படும் என்று ரசீது கொடுத்தார்கள். அந்தத் துறை எது என்று ரசீதில் இல்லை.

சரி, எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. அந்த ஒரு வரித் தீர்ப்பு எந்த எழுத்தில், எந்தப் பக்கத்தில் வந்ததோ, அதே எழுத்தில், அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பாலக்கோட்டு அம்மாவும் பார்ப்பார், எங்கள் தம்பியும் பார்ப்பார். அதைப் படம் பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாவது, திருத்தத்தின் கடைசியில், தருமபுரியில் ஒரு ஜாயிண்டுக்குக் கனெக்டர் போட வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. கனெக்டர், டெர்மினேட்டர் எல்லாம் நானே வாங்கிக் கடையில் வைத்திருக்கிறேன். அவர் ஏணியை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
(இன்னும் சந்தாதாரன்தான்)
தருமபுரி.