கப்பா எண் காட்டுவதெல்லாம் லிக்னின் இல்லை

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து வேக்காடு போட்டுவிட்டாய். யூகலிப்டஸ் மரச் சில்லு, அதைக் காரத்திலும் சல்பைடிலும் வேகவைத்துக் காகிதக் கூழாக்கும் கிராஃப்ட் முறை, 160 டிகிரியில் ஆரம்பித்து 172 வரை ஏற்றியும் பார்த்தாயிற்று. மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் கூழில் எவ்வளவு மிச்சம் என்பதற்கு நாம் பார்க்கும் கப்பா எண் 15-ஐ ஒட்டியே நிற்கிறது, நாரின் உடம்பான செல்லுலோஸ் சங்கிலியின் நீளத்தைக் காட்டும் கூழின் பாகுத்தன்மை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிகிறது. “இந்த லிக்னின் ஏன் அக்கா இவ்வளவு அடம் பிடிக்கிறது?” என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியோடு முட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், நீ சம்மதித்தபடி பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சூட்டை ஏற்றுவதை நிறுத்து. நூறு டிகிரியில் லிக்னின் கரையும் வேகத்தை 1 என்று வைத்தால், 170 டிகிரியில் அது ஏறக்குறைய 930. வெப்பத்தையும் நேரத்தையும் ஒரே எண்ணாக்கி எச் காரணி என்று நீ தினமும் கணக்குப் போடுகிறாயே, 1957-ல் விரூம் கொடுத்த அந்தக் கணக்கு சொல்வது இதைத்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் வெப்பத்தின் மேல் கை வைக்கிறோம். ஆனால் லிக்னின் கரைவதற்கான கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்டவேண்டிய தடை, மோலுக்குச் சுமார் 134 கிலோஜூல், செல்லுலோஸ் சங்கிலி அறுவதற்கோ சுமார் 179. அதிக ஆற்றல் கேட்கிற வினைதான் வெப்பத்துக்கு அதிகமாகத் துள்ளும். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் லிக்னின் கரையும் வேகம் கூடுவதைவிடச் செல்லுலோஸ் அறும் வேகம் அதிக விகிதத்தில் கூடுகிறது. பாகுத்தன்மை விழுவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

சரி, அந்த 15-க்கு வருவோம். கப்பா பார்க்கும்போது உன் கை என்ன செய்கிறது என்று ஒரு தடவை நிதானமாக நினைத்துப் பார். கூழை நீரில் பஞ்சு பஞ்சாகப் பிரிக்கிறாய். அமிலமும் பர்மாங்கனேட்டும் சேர்க்கிறாய். கடிகாரத்தில் 10 நிமிடம். பொட்டாசியம் அயோடைடு விழுந்ததும் ஊதா போய் அயோடினின் பழுப்பு வருகிறது. தயோசல்பேட்டை இறக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஸ்டார்ச் விட்டு, ஒரே ஒரு சொட்டில் நீலம் மறைவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். இதில் லிக்னினை எங்கே அளந்தாய்? பர்மாங்கனேட் எவ்வளவு செலவானது என்றுதான் அளந்தாய். ஊசியிலை மரக் கூழில் அந்த எண்ணை 0.15-ஆல் பெருக்கினால் லிக்னின் சதவீதம் ஓரளவு சரியாக வந்துவிடும். அந்தப் பழக்கத்தில், எந்தக் கூழாக இருந்தாலும் கப்பாவையும் லிக்னினையும் ஒன்றாகவே பேச ஆரம்பித்துவிட்டோம்.

யூகலிப்டஸ் போன்ற அகன்ற இலை மரத்தில் வேறொரு ஆளும் பர்மாங்கனேட்டைச் சாப்பிடுகிறது. செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் குட்டைச் சர்க்கரைச் சங்கிலிகளான ஹெமிசெல்லுலோஸில், இம்மரங்களில் பெரும்பங்கு சைலான். அதன் சங்கிலியில் ஆங்காங்கே மெத்தில் குளுகுரோனிக் அமிலம் கிளையாகத் தொங்கும். சூடான காரத்தில் அந்தக் கிளை ஒரு மெத்தனாலை உதிர்த்துவிட்டு, இரட்டைப் பிணைப்புள்ள ஹெக்செனுரோனிக் அமிலமாக மாறுகிறது. இரட்டைப் பிணைப்பைக் கண்டால் பர்மாங்கனேட் விடுமா? அது சர்க்கரையிலிருந்து வந்ததா, லிக்னினிலிருந்து வந்ததா என்று பார்ப்பதே இல்லை. ஒரு கிலோ கூழில் 10 மில்லிமோல் ஹெக்செனுரோனிக் அமிலம் இருந்தால் கப்பாவில் கிட்டத்தட்ட 0.85 கூடும். 50 மில்லிமோல் இருந்தால் 4-க்கு மேல். அகன்ற இலை மரக் கூழில் இந்த அளவு சர்வசாதாரணம். உன் 15-ல் உண்மையான லிக்னின் 11 அளவுக்குத்தான் இருக்கலாம். மிச்சத்தை விரட்டுவதாக நினைத்துக்கொண்டு செல்லுலோஸை வதைத்துக்கொண்டிருக்கிறாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. 1990-களில்தான் இந்த அமிலம் கிராஃப்ட் கூழில் இருப்பதே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னால் கிராஃப்ட் கூழைக் கப்பா எண்ணால் மதிப்பிட்டவர்கள் எல்லாரும் இதையும் லிக்னின் கணக்கில்தான் எழுதினார்கள்.

யோசித்துப் பார்த்தால், லிக்னினை யாருமே நேராகப் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றும். 1813-ல் தாவரவியலாளர் கண்டோல் பெயரை வைத்துவிட்டார். 1838-ல் வேதியியலாளர் பயேன் மரத்தை நைட்ரிக் அமிலத்திலும் பிறகு காரத்திலும் போட்டு, அசையாமல் நின்றதைச் செல்லுலோஸ் என்றார். கரைந்து போனது அவருக்கு நாரின் மேல் படிந்திருந்த ஏதோ ஒரு பொருள், அவ்வளவுதான். பின்னால் வந்த வேதியியலாளர் கிளாசன் அப்படியே தலைகீழாகப் போனார். 72 சதவீதக் கந்தக அமிலத்தில் சர்க்கரைகளைக் கரைத்துவிட்டு, அடியில் தங்கிய பழுப்புத் தூளை லிக்னின் என்றார். அகன்ற இலை மரமாக இருந்தால் லிக்னினில் ஒரு பகுதி அந்த அமிலத்திலேயே கரைந்துவிடும், தூளை மட்டும் எடைபோட்டால் கணக்குக் குறையும். 1950-களில் பியோர்க்மன், மரத்தை நெடுநேரம் அரைத்து டையாக்சேனில் பிரித்தெடுத்தார். நம்மிடம் இருப்பதில் மரத்திலிருக்கும் லிக்னினுக்கு மிக அருகில் வருவது அதுதான். ஆனால் அந்த அரைப்பிலேயே சில ஈதர் பிணைப்புகள் அறுந்துவிடுகின்றன. எந்த வழியில் வெளியே எடுக்கிறோமோ அந்த வழியின் தழும்போடுதான் லிக்னின் நம் கைக்கு வருகிறது. உன் ஆய்வேட்டில் “லிக்னின்” என்று எழுதுகிற இடத்திலெல்லாம் எந்த லிக்னின் என்று ஒரு சொல் சேர்த்துவிடு.

இனி அந்த 11-க்குள் நிஜமாகவே இருக்கிற லிக்னின். அதை அடம் என்று சொல்லமாட்டேன். அது ஒரு பந்தயத்தில் தப்பித்தது. லிக்னினின் அலகுகளை ஆக்சிஜன் வழியாகக் கோக்கும் பிணைப்புகளில் அதிகமாக இருப்பது பீட்டா-ஓ-4 ஈதர் பிணைப்பு, ஊசியிலை மரத்தில் பாதி அளவுக்கு, அகன்ற இலை மரத்தில் 60 சதவீதத்தை ஒட்டி. பினால் முனை (வளையத்தில் ஒட்டிய ஓஎச்) திறந்திருக்கும் அலகு காரத்தில் குயினோன் மெத்தைடு என்ற துடிப்பான வடிவமாக மாறும். அது ரொம்ப நேரம் சும்மா இருக்காது. பக்கத்தில் கிராஃப்ட் திரவத்தின் சல்பைடிலிருந்து வரும் ஹைட்ரோசல்பைடு அயனி இருந்தால் அது வந்து ஒட்டி, பக்கத்து ஈதரை உதைத்துத் தள்ளும். அங்கே ஒரு புதிய பினால் முனை திறக்கும், அடுத்த அலகும் அதே வழியில் போகும். ஹைட்ரோசல்பைடு கிடைக்காவிட்டால், அந்தக் குயினோன் மெத்தைடு ஒரு பார்மால்டிஹைடைக் கழற்றிவிட்டு, காரம் தொட முடியாத ஈனோல் ஈதராக உட்கார்ந்துவிடும். அல்லது இன்னொரு லிக்னின் துண்டின் வளையத்தில் ஐந்தாம் கார்பனைப் பிடித்துக்கொள்ளும். கார்பனும் கார்பனும் சேர்ந்துவிட்டால் அப்புறம் நம் காரத்துக்கு அங்கே வேலை இல்லை. அகன்ற இலை மரத்தின் சிரிங்கில் அலகில் அந்த ஐந்தாம் இடத்தில் ஏற்கெனவே மெத்தாக்சி உட்கார்ந்திருப்பதால் இந்தப் பிடிப்பு குறைவு. உனக்குக் கிடைத்தது நல்ல மரம்தான், கவலைப்படாதே.

கந்தகத்தின் இந்த வேலை திட்டம் போட்டு வந்ததல்ல என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. டான்சிக் நகரத்தில் கார்ல் டால், வேக்காட்டுக் காரத்தின் இழப்பை ஈடுகட்டப் போடும் விலை கூடிய சோடா சாம்பலுக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட்டைப் போட்டார். உலையில் அது சல்பைடாக ஒடுங்கி வேக்காட்டுக்குள் வந்தது, கூழ் முன்னைவிட வலுவாக வந்தது. 1884-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ‘கிராஃப்ட்’ என்றால் ஜெர்மனில் வலு. கூடவே இலவசமாக வந்தது வாடை. அதே ஹைட்ரோசல்பைடு லிக்னினின் மெத்தாக்சியைப் பறித்து மெத்தில் மெர்காப்டன் ஆக்குகிறது. இரண்டு மாதத்தில் உன் மூக்கு பழகிவிடும், பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் பழகாது.

இந்தப் பக்கம் செல்லுலோஸ் படும் பாடு வேறு விதம். முடிச்சு அவிழ்ந்த பாசிமாலையில் மணி மணியாக உதிருமே, அதுபோல சங்கிலியின் திறந்த முனையிலிருந்து (ஒடுக்கும் முனை என்போம்) ஒவ்வொரு குளுகோஸாகக் கழன்று போகும். சுமார் 100 டிகிரியிலேயே இது தொடங்கிவிடும். ஐம்பது அறுபது மணி போன பிறகு எப்படியோ ஒரு முடிச்சு விழுந்து நிற்கும். ஆனால் 170-ஐ நெருங்கும்போது காரம் மாலையை நடுவிலேயே அறுக்கிறது. அறுந்த இடம் இன்னொரு முடிச்சில்லாத முனை, மறுபடி உதிர்தல். மரத்தில் 10,000 அலகு நீளத்தில் இருந்த சங்கிலி கூழில் ஆயிரத்துச் சொச்சமாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. முனையை முதலிலேயே ஆக்சிஜனேற்றி மூடிவிட்டு, அந்தக் கையோடு லிக்னின் ஈதரையும் அறுக்கிற ஆந்த்ராகுயினோன் என்ற சேர்க்கைப் பொருள் 1977-ல் வந்தது. மர எடையில் 0.1 சதவீதம் போதும். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இன்றைக்கு வேண்டாம்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம், 400 கிராம் ஈரச் சில்லு எடுத்து வேக்காடு போடுவது என் வழக்கம். பாதி ஈரம், 200 கிராம் உலர் மரம், அதற்கு 18 சதவீதக் காரம், அதாவது 36 கிராம். ஒரு வாரக் கடைசியில் சில்லுப் பையை மூடாமல் மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து அதே 400 கிராமை நிறுத்துப் போட்டேன். ஈரம் 10 சதவீதத்துக்கு வந்திருந்தது, உள்ளே போனது 360 கிராம் உலர் மரம். காரம் 10 சதவீதமாகச் சுருங்கிவிட்டது எனக்குத் தெரியாது. வேகவைக்கும் கலனான டைஜெஸ்டரைத் திறந்தால் சில்லு சில்லாகவே இருந்தது. கறுத்து, விரலால் அழுத்தினால் நசுங்காமல். வேக்காட்டின் நடுவிலேயே காரம் தீர்ந்து, கரைந்திருந்த லிக்னின் நாரின் மேலேயே திரும்பப் படிந்து இறுகிவிட்டது. அன்றைக்குக் கப்பா எடுக்கக்கூடக் கூழ் இல்லை. அதற்கப்புறம் ஈரம் பார்க்காமல் ஒரு சில்லைக்கூட நான் தொட்டதில்லை.

இந்த வாரம் நீ செய்யவேண்டியது இதுதான். இரண்டாவது வேக்காட்டின் கூழை எடு, அதில்தான் பாகுத்தன்மை இன்னும் நன்றாக இருக்கிறது. முதலில் நன்றாகக் கழுவு. நார்ச்சுவருக்குள் கரைந்த லிக்னின் தேங்கி நிற்கும், அவசரமாகப் பிழிந்தால் வராது, ஓர் இரவு நீரில் ஊறட்டும். பிறகு பார்மிக் அமிலமும் பார்மேட்டும் சேர்ந்த தாங்கல் கரைசலில் பிஎச் 3.5 வைத்து, மூடிய கலத்தில் 110 டிகிரியில் ஒரு மணி நேரம். ஹெக்செனுரோனிக் அமிலம் உடைந்து ஃபியூரோயிக் அமிலமாக வெளியே வரும், புற ஊதா ஒளியில் 245 நானோமீட்டரில் தெரியும். வடிகட்டிய நீரைக் கீழே கொட்டிவிடாதே, அளக்கவேண்டியது அதில்தான் இருக்கிறது. கூழைக் கழுவி மறுபடி கப்பா பார். இதில் கொஞ்சம் லிக்னினும் கரைந்து போகும் என்பதால், கப்பா குறைந்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது.

எழுதி எனக்கு அனுப்பு. ஆறாவது வேக்காட்டை அதற்கப்புறம் யோசிப்போம்.

அன்புடன்,
அக்கா