ஷானனோடு நிற்காத ஆய்விதழ்

ஆசிரியருக்கு,

பொறியியல் ஆய்விதழ்கள் பற்றிய கட்டுரையில், 1922இல் அமெரிக்காவில் பெல் தொலைபேசிக் குழுமம் தொடங்கிய பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலைக் கிளாட் ஷானனோடு முடித்துவிட்டீர்கள். 1948 ஜூலை, அக்டோபர் இதழ்களில் வந்த அவருடைய தகவல் கோட்பாடு பெரிதுதான். ஆனால் 1960 நவம்பர் இதழை விட்டிருக்கக் கூடாது.

தொலைதூர அழைப்புகளை இணைக்கும் ஒலிகள் அதில் அப்படியே அச்சாகின: 700, 900, 1100, 1300, 1500, 1700 ஹெர்ட்ஸ், ஒவ்வோர் இலக்கத்துக்கும் இவற்றில் இரண்டு. இத்துடன் 2600 ஹெர்ட்ஸ் தெரிந்தால் போதும், கட்டணமின்றித் தொலைதூரம் பேசலாம். கட்டுப்பாட்டு ஒலியும் பேச்சும் ஒரே தடத்தில் போனதே கோளாறு. இலவச எண்ணுக்கு அழைத்து, ரிசீவரில் 2600 ஒலித்தால், தொலைவிலுள்ள எக்ஸ்சேஞ்ச் அழைப்பு முடிந்ததாக நினைக்கும். ஒலி நின்றதும் புது எண்ணுக்குக் காத்திருக்கும். கட்டணம் கணக்கிடும் உள்ளூர் எக்ஸ்சேஞ்சுக்கோ பழைய இலவச அழைப்பே தொடரும்! இந்த ஒலிகளை எழுப்பித் திருட்டு அழைப்புகள் செய்ய உதவிய 'புளூ பாக்ஸ்' கருவி பிறந்தது இப்படித்தான். இதழை ஒளித்துப் பயனில்லை, நூலகங்களில் இருந்ததே. 1976 முதல் சமிக்ஞைகளைத் தனித் தடத்துக்கு மாற்றத் தொடங்கிய பிறகே ஓட்டை படிப்படியாக அடைபட்டது.

பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸ் கணினி இயங்குதளத்துக்கென்றே 1978இல் ஒரு சிறப்பிதழ் வந்தது. பெல் குழுமம் பிரிக்கப்பட்டபோது, 1983உடன் அந்தப் பெயர் போயிற்று; 1996இல் பெல் லேப்ஸ் டெக்னிக்கல் ஜர்னல் ஆனது.

— ஒரு வாசகர், திருச்சி