வழக்கு வந்தபிறகு தேடினால் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் கம்பனிகளும் இப்போது பாதி வேலையை மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும்தான் முடிக்கின்றன, ஆனால் வழக்கென்று ஒன்று வந்துவிட்டால் அந்தப் பதிவுகள் எங்கே கிடக்கின்றன என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில், ஊழியரின் லீவுக்குச் சம்மதம் சொன்ன செய்தி முகாமையாளரின் சொந்த ஃபோனில் இருந்தது, அவரோ வேலையை விட்டே போய்விட்டார். கணினியில் ஒரே கடிதம் 'இறுதி', 'இறுதி புதிது', 'இறுதி சரி' என்று கிடந்தது. இதில் அனுப்பியது எது?

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இப்படியான பதிவுகளுக்குச் சட்ட மதிப்புக் கொடுத்திருக்கிறது. அதற்காக மின்னஞ்சலை அச்சடித்துக் கோவையில் செருகிவிட்டு மூலத்தை அழித்துவிடக் கூடாது, யார் எப்போது எந்த வழியாக அனுப்பினார் என்ற முழு விபரமும் அந்த மூலத்தில்தான் இருக்கும்.

விலை கூடிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. அலுவலக வேலைக்கு அலுவலக முகவரி, எல்லாவற்றுக்கும் ஒரே சேமிப்பிடம், பொறுப்பாக ஒரு ஆள், அவ்வளவுதான். தகராறு வரும்போல் தெரிந்த அன்றைக்கே எதையும் அழிக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும், வட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும் வசதியையும் உடனே நிறுத்த வேண்டும்.

நம் மாவட்டச் சட்டத்தரணிகள் இதைப் பற்றித் தமிழில் அரைநாள் வகுப்பொன்று வைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

வாசகர்,
களுவாஞ்சிக்குடி