டயாலிசிஸ் நோயாளிகளின் கழுத்துக் குழாய் வழியே வரும் ரத்தத் தொற்றைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மனைவி
(பெயர், முகவரி, காப்பீட்டு அட்டை எண் தனித்தாளில்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: அரசு மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவுகளில் கழுத்துக் குழாய் வழியாக ஏற்படும் ரத்தத் தொற்றைத் தடுத்தல், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையின் தமனியையும் சிரையையும் இணைப்பது) அறுவைக்குத் தாமதமின்றி நாள் ஒதுக்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் கணவர் கட்டட மேஸ்திரி, வயது 52. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பதால் இதுவரை சிகிச்சைக்கென்று நாங்கள் பணம் கட்டியதில்லை. அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டே என் குறையை எழுதுகிறேன்.

முதல் டயாலிசிஸ் அவசரமாகச் செய்ய வேண்டியிருந்ததால் கழுத்தின் வலப்பக்கம் தற்காலிகக் குழாய் போட்டார்கள். கையில் ஃபிஸ்டுலா போட்டதும் எடுத்துவிடலாம் என்றார்கள். ஃபிஸ்டுலா அறுவைக்கு நாள் கேட்டு நடந்தோம். ஒரு வாரம் மருத்துவர் விடுப்பு, மறு வாரம் அறுவை அரங்கு காலியில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாத குழாயோடு நான்கு மாதம் ஓடியது. சித்திரை வெயிலில் வியர்த்துப் பிளாஸ்திரி பிரிந்துவிடும். குளிக்கும்போது குழாயில் நீர் படாமல் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டுவேன்.

ஒரு நாள் இயந்திரம் ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் அவருக்கு நடுக்கம் கண்டது. பற்கள் கிட்டிக்கொண்டன. கட்டிலின் இரும்புக் கம்பி கடகடவென்று ஆடியது. இரண்டு கம்பளி போர்த்தியும் அடங்கவில்லை. குளிர்சாதனத்தை நிறுத்தினார்கள், காய்ச்சல் ஊசி போட்டார்கள், மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த முறையும் அதே நடுக்கம், அதே ஊசி. மூன்றாம் முறைதான் ரத்தம் எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி என்று முடிவு வந்தது. கழுத்துக் குழாயைப் பிடுங்கித் தொடையில் வேறு குழாய் போட்டு 19 நாள் உள்நோயாளியாக வைத்திருந்தார்கள். கிருமி இதய வால்வில் போய் ஒட்டியிருக்கிறதா என்று எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்த அந்த இரவை நான் மறக்கவே முடியாது. நல்லவேளையாக ஒட்டவில்லை.

அந்தக் குழாயின் நுனி இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில் இருக்கிறது. சிவப்பு, நீலம் என வெளியே தொங்கும் இரண்டு முனைகளையும் இயந்திரத்தில் பொருத்தும்போது ஒரு தடவை, கழற்றும்போது ஒரு தடவை திறக்கிறார்கள். வாரம் 3 டயாலிசிஸ் என்றால் இரண்டு முனைகளுக்கும் சேர்த்து மாதத்துக்குச் சுமார் 50 தடவை. கை சுத்தமில்லாத ஒரு தடவை போதும், கிருமி நேராக ரத்தத்துக்குள் போய்விடும். கழற்றிய மூடியை மெத்தையில் வைத்து, அதையே எடுத்துத் திரும்பவும் மாட்டியதை என் கண்ணால் பார்த்தேன். பக்கத்துப் படுக்கையின் இயந்திரம் கூவியதும் அதே கையுறையோடு ஓடினார்கள். ஊழியர்கள்மீது பழி சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே நேரத்தில் நான்கைந்து பேரைப் பார்க்கும் அந்தத் தம்பிக்குக் கை கழுவ எங்கே நேரம்?

செவிலியர் படிப்பில் இருக்கும் என் மகள் சொல்லித்தான் இது தடுக்கக்கூடிய தொற்று என்பதே எனக்குத் தெரிந்தது. குழாய் வெளிவரும் இடத்தின் தோலை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் மருந்தால் துடைப்பது, மூடியைக் கழற்றியதும் குழாய் முனையைக் கிருமிநாசினியால் அழுத்தித் தேய்த்துக் காயவிட்டுப் பொருத்துவது, ஊழியர்கள் கை கழுவுவதைக் கண்காணிப்பது, தொற்று வந்தவர்களைக் கணக்கெடுப்பது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் டயாலிசிஸ் பிரிவுகளுக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறது. இதில் எதற்கும் புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

எனவே தாங்கள், கழுத்துக் குழாயோடு வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஃபிஸ்டுலா அறுவைக்கான நாளை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தர உத்தரவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலாக இதைத்தான் கேட்கிறேன். ஊசி குத்தும் அளவுக்கு ஃபிஸ்டுலா பழுக்கவே வாரக்கணக்கில் ஆகும், அறுவை தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் குழாய் கழுத்தில் கிடக்கிறது. அறுவை மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து ஒருவர் குறித்த நாளில் வந்துபோக ஏற்பாடு செய்யலாம். குளோர்ஹெக்சிடின், புதிய மூடிகள், முகக்கவசங்கள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து தட்டுப்பாடின்றி வர வேண்டும். குழாய் உள்ளவருக்கு நடுக்கமோ காய்ச்சலோ கண்டால், ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். காலியாக உள்ள டெக்னீசியன், செவிலியர் பணியிடங்களையும் நிரப்பித்தர வேண்டுகிறேன்.

என் கணவருக்கு இப்போது இடது கையில் ஃபிஸ்டுலா வேலை செய்கிறது. அவருடைய பழைய படுக்கையில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் படுத்திருக்கிறாள். அவள் கழுத்தில் குழாய் ஏறி மூன்று மாதம் ஆகிறது. அறுவைக்கு இன்னும் நாள் கொடுக்கவில்லை.

இணைப்பு: டிஸ்சார்ஜ் சுருக்கம், கிருமிப் பரிசோதனை முடிவு – நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)