உடைந்த முன்பல் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பல்லின் முனையில் நொய்யரிசி அளவுக்குத்தான் உடைந்திருக்கிறது. அதற்காக ஆறு பற்களுக்கும் பீங்கான் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு, போட்டுவிடலாம் என்று உனக்குச் சொல்லியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. வெனீர் பொருந்துவதற்காகப் பெரும்பாலும் பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்கு ராவுவார்கள். அப்படி ராவிய எனாமல் மறுபடி வளராது. காம்போசிட் ரெசின் என்ற பல்நிறப் பிசினை ஒட்டிக் கட்டும் பாண்டிங் செய்துகொண்டால் உடைந்த ஓரத்தை மட்டும், அநேகமாக ஒரே அமர்வில், மரத்துப்போகும் ஊசிகூட இல்லாமல் கட்டிவிடலாம்.

நான் சைக்கிளிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டபோது செய்ததும் இதுதான். பாஸ்பாரிக் அமிலக் களிம்பைப் பல்லின் மேல் கால் நிமிடம் வைத்திருந்து கழுவி உலர்த்தியதும், அந்த இடம் சுண்ணாம்பு பூசியது போல வெளிறியது. அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்க, அவற்றுக்குள் பிசின் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1955-இல் எழுதிய வழி இது. அதன்மேல் களிமண் போன்ற ரெசினை இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியில் இறுகவைத்து, கடைசியில் மெருகேற்றினார்கள். நடுவில் எச்சில் பட்டால் பிடிப்புக் கெடும் என்பதால் வாய் முழுவதும் பஞ்சு.

ஒட்டியது உறுதியாகத்தான் இருந்தது. தவறு நிறத்தில் நேர்ந்தது. எனக்குப் பல் கட்டிய மருத்துவர் பல் காய்ந்த பிறகே நிறம் பார்த்தார். காய்ந்த பல் இயல்பைவிட வெளுத்துத் தெரியும். மறுநாள் மற்றப் பற்களெல்லாம் பழைய மஞ்சளுக்குத் திரும்பியிருக்க, அந்த முனை மட்டும் தேங்காய்ச் சில்லு போல நின்றது. உன் அக்காள் திருமணப் படங்களில் நான் வாயை இறுக மூடியிருப்பதைக் கம்பீரம் என்று நீ எண்ணியிருந்தாய்.

பற்களை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் விட்டுப் பாண்டிங்குக்குப் போ. வெளுப்பு மருந்து ரெசினின் நிறத்தை மாற்றாது, உடனே ஒட்டினாலோ பிடிப்புக் குறையும். பல் கூச்சத்துக்குக் கிராம்புத் தைலம் தடவியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல், ஏனெனில் அதிலுள்ள யூஜினால் என்ற பொருள் ரெசின் இறுகுவதைத் தடுக்கக்கூடியது.

பாண்டிங் பீங்கான் அளவுக்கு உழைக்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. காபிக்கறை ஏறும், சில ஆண்டுகளில் ஓரம் உதிரும். எனக்கு ஆறாவது ஆண்டுப் பொங்கலில் கரும்பு கடித்தபோது உதிர்ந்தது. அரை மணி நேரத்தில் மறுபடி கட்டிக்கொண்டேன், இம்முறை நிறம் சரியாக அமைந்தது. பேனா மூடியைக் கடிக்கும் உன் வழக்கத்துக்கு ஆறாண்டு தாங்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

போகும்போது, நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க, பல் ஈரமாக இருக்கையிலேயே, அமிலம் வைக்காமல் ரெசினில் ஒரு சிறு துணுக்கைப் பல்லில் ஒற்றி ஒளி காட்டச் சொல். பிறகு எளிதாகப் பெயர்த்துவிடலாம். அதோடு ஜன்னல் வெளிச்சத்தில் சிரித்து ஒரு படம் அனுப்பு. நிறத்தைப் பற்றி உன் அம்மா தீர்ப்புச் சொல்வாள்.

அன்புடன்,
அப்பா