வியட்நாம் சமையலில் சைவம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் பெருகிவரும் வெளிநாட்டு உணவகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொரியா, ஜப்பான் என்று விரிவாக எழுதியவர், வியட்நாமுக்கு வந்ததும் 'சைவக்காரர்கள் சூப்பைக் குடித்துவிட்டு எழுந்து வரவேண்டியதுதான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சைவக்காரர்கள் அங்கே ஜாக்கிரதையாக இருக்கவேண்டியதே அந்தச் சூப்பில்தான்! 'ஃபோ' என்கிற அந்த நூடுல்ஸ் சூப், வழக்கமாக மாட்டெலும்பையோ கோழியையோ மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுப்பது.

அதற்காக, சாப்பிட ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வியட்நாமில் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, மாமிசம் தொடுவதில்லை. அங்குள்ள மடங்களின் சமையலில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். ஆக, சைவ ஃபோ என்பது நமக்காக யாரோ நேற்று கண்டுபிடித்தது இல்லை. முள்ளங்கி, கேரட், காளானைக் கொதிக்கவிட்டு, சுட்ட இஞ்சி, பட்டை, அன்னாசிப்பூ போட்டு இறக்கினால், எலும்பு இல்லாமலே அந்த வாசனை வந்துவிடுகிறது.

பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எங்களுக்கு அப்படி ஒரு சின்னக் கடை வாய்த்திருக்கிறது. ஏசி கிடையாது. மழை பெய்தால் வாசல் மேசைகளை உள்ளே இழுத்துப் போடுவார்கள். இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டு 500 ரூபாய்க்குள் வெளியே வரலாம். வரத்தானே வேண்டும்? அரிசி நூடுல்ஸ், தேங்காய்ப்பால், புதினா, வேர்க்கடலை, எலுமிச்சை, முளைகட்டிய பயறு, வாழைப்பூ எல்லாம் கோயம்பேட்டிலேயே கிடைக்கிற சாமான்கள். 'கான் சுவா' என்று ஒரு புளிப்புச் சூப் இருக்கிறது. வியட்நாமில் அதை மீன் போட்டுச் செய்வார்கள், இந்தக் கடையில் டோஃபு, அதாவது சோயாப் பாலில் செய்கிற பனீர் மாதிரியான கட்டி. மற்றபடி புளி, தக்காளி, வெண்டைக்காய், அன்னாசிப்பழம்தான். ரசத்துக்கு வசதியான உறவுக்காரர் மாதிரி இருக்கும். இதையே பெரிய ஓட்டல்களில் கேட்டால், 'எல்லாம் இறக்குமதி சார்' என்று மூன்று மடங்கு பில் போடுகிறார்கள். ரோல் சுற்றுகிற அரிசித் தாளையும் சில சாஸ்களையும் தவிர எது இறக்குமதி என்று எனக்கு விளங்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. மெனுவில் 'வெஜ்' என்று போட்டிருக்கும் ரோலில் கீரையும் காய்கறியும்தான் இருக்கும். ஆனால் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் கிண்ணத்தில் மீன் சாஸ் இருக்கும். நெத்திலி மாதிரிச் சின்ன மீன்களை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கிற சாறு அது. பாட்டில் மேல் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் இருக்கிறது, சரி. பாட்டிலிலிருந்து கிண்ணத்துக்கு வந்தபிறகு அந்த முக்கோணத்தை எங்கே தேடுவது? நான் கேட்டபோது பரிமாறிய பையன் சமையலறைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, சோயா சாஸில் வேறொன்று கலக்கித் தந்தான். கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? பலகையில் ஒரு வரி எழுதிப்போட்டால் போதும்.

இன்னொன்று, பனீர். யாரோ கேட்டார்கள் என்று சமீபத்தில் பனீர் ரோல், பனீர் ஃபோ எல்லாம் ஆரம்பித்திருக்கிறார்கள். டோஃபுவும் காளானும் வைத்து அருமையாகச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இது எதற்கு? பனீர் தின்ன ஊரில் வேறு கடையா இல்லை?

காப்பியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ரொபஸ்டாவில் கண்டென்ஸ்ட் மில்க்கை ஊற்றிக் குடிப்பது அவரவர் இஷ்டம்.

உங்கள் கட்டுரையாளரை ஒரு நடை இந்தப் பக்கம் வரச்சொல்லுங்கள். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேண்டாம், உட்கார இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை