வளையத்தை அழிக்காதீர்கள்: சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலத்தில் பறவைப் படமெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

வணக்கம். நேராகவே கேட்டுவிடுகிறேன். பறவையின் காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய வளையம் தெரிந்தால், படத்தைச் சரிசெய்யும்போது அதை அழித்துவிடாதீர்கள். அழகு கெடுகிறதென்று துடைத்துவிட்டுப் பகிர்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். காலே தெரியாமல் வெட்டுகிறவர்களும் உண்டு.

ஜூன் வந்தால், வலசை வரும் கரைப்பறவைகளான உள்ளான்கள் வடக்கே போயிருக்கும். இளம்பறவைகள் சில மட்டும் தங்கிவிடும். ‘ஒன்றுமில்லை’ என்று நாம் லென்ஸை உள்ளே வைத்துவிடுகிறோம். (மற்ற நாட்டுக்காரர்கள் இதைக் கோடை என்பார்கள், நமக்குத்தான் ஆண்டு முழுக்க வெயிலாயிற்றே!) ஆனால், நம் ஊர்ப் பறவைகளைப் பார்க்க இதுதான் நேரம்.

அவற்றுக்கு வளையமிடும் ஆய்வாளர்கள், விடியுமுன் அலையாத்தி மரங்களுக்கிடையே மெல்லிய வலை கட்டுவார்கள். சிக்கும் தையல்சிட்டு பத்து கிராம்கூட இருக்காது. துணிப்பையில் போட்டு எடை பார்த்து, இறக்கையை அளந்து, எண் பொறித்த வளையத்தைக் குறடால் காலில் மாட்டுவார்கள். பிறகு வயிற்றில் மெல்ல ஊதுவார்கள். இறகு விலகி, அடியில் மொட்டையாகச் சிவந்த தோல் தெரிந்தால் அது அடைகாக்கிற பறவை. கூட்டைத் தேடி யாரும் புதரைக் கலைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டதைக் கையில் வைத்திருக்காமல் உடனே விட்டுவிடுவார்கள்.

இத்தனை பாடும், அந்தப் பறவையை மறுபடி யாராவது பார்த்தால்தான் பயன்படும். அது திரும்ப வலையில் விழும் என்பது என்ன நிச்சயம்? உங்கள் லென்ஸுக்கு வலையே தேவையில்லை. பறவை உடலைத் திருப்பும்போதெல்லாம் நாம் ஒரு படமாக நாலைந்து எடுத்தால், சின்ன வளையத்தின் எண்ணைக்கூடச் சேர்த்துப் படித்துவிடலாம். உள்ளான்களுக்கு, எந்த இடத்தில் மாட்டியது என்று காட்டும் சின்ன நிறக்கொடி காலில் இருப்பதால் இன்னும் எளிது. பச்சையும் வெள்ளையும் சிங்கப்பூருடையவை; மஞ்சள் என்றால் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை. இங்கே இடங்காட்டும் கருவி பொருத்தி விட்ட பவளக்காலிகள் (சிவந்த காலுள்ள ஒருவகை உள்ளான்) இமயமலையையே தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் போனது தெரியவந்திருக்கிறது. எல்லாப் பறவைக்கும் அப்படிக் கருவி மாட்ட முடியாது. மற்றவற்றுக்கு நம் கண்தான்.

எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே, எந்த நாள், எந்த இடம். இவற்றைக் குறித்து, திருத்தாத மூலப்படத்தோடு தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுப்புங்கள். வலையில் சிக்கிய பறவையைக் கண்டால் மட்டும் கிட்டே போகாதீர்கள், படமும் வேண்டாம். எடுக்கத் தெரிந்தவர்கள் வந்து எடுப்பார்கள்.

வீட்டிலுள்ள பழைய ஹார்ட் டிஸ்க்குகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எடுத்த தேதி கோப்பிலேயே இருக்கும்.

அன்புடன்,
கிராஞ்சிப் பக்கம் கேமராவோடு அலையும் உங்களில் ஒருவன்